அசையாத மஞ்சள் கோடு

மஞ்சள் கோடு நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பது சும்மா, கண்கட்டு வித்தை. கோடு போட்ட புல்லிச் சக்கரம் சுற்றுகிற சுற்றுக்கு விரலைக் கிட்டே கொண்டுபோனால் விரல் மிஞ்சாது என்று பத்ரசாமிக்குத் தெரியாதா என்ன, தலை நரைக்கும் வரைக்கும் இந்தத் துப்பாக்கி மாதிரியான லைட்டைப் பிடித்துக்கொண்டு என்ஜின்களின் முகத்தில் வெளிச்சம் அடித்தே காலத்தை ஓட்டியவர். பிளக்குக்குப் போகிற வயரில் கிளிப்பை மாட்டிவிட்டால் பிளக் பற்றும்போதெல்லாம் லைட்டும் பற்றும். கோடு அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் வெளிச்சம். மீதிச் சுற்று முழுக்க அது எங்கே போனது, என்ன செய்தது என்பதை இருட்டு விழுங்கிவிடும். கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரே இடத்தில் சாதுவாக நிற்கிற கோடு. இருட்டு வேண்டும் என்பதற்காகத்தான் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். வெளியே கிணத்துக்கடவுப் பக்கத்து வெயில் இன்னும் தணியாமல் அடித்துக்கொண்டிருந்தது, ஷட்டருக்கு அடியில் ஒரு பட்டையாக வந்து சிமெண்டுத் தரையில் கிடந்தது. கோடு ஆணிக்கு நேராக வரவேண்டும். என்ஜின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஆணி, அதற்கு நேராக மஞ்சள் கோடு. இன்னும் ஒரு நூல் இருக்கிறது. வலது கையில் லைட், இடது கையில் பிளக் பற்றும் நேரத்தை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டர். அதைத் தொட்டால் சுடும், தொடாமல் திருப்ப முடியாது. ஒரு நூல்தான். இப்போது போய்விடக் கூடாது, இப்போது மட்டும் போய்விடக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"கொஞ்சம் ஏத்து அம்மிணி."

"ஏத்திட்டேனுங்கப்பா. போதுங்களா?"

டிரைவர் சீட்டில், ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தபடி, தாரணி. பானெட்டை அடியோடு கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டதால் நிமிர்ந்தால் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய மகளின் முகம் நேராகத் தெரியும். லைட் வெட்டுகிற வெட்டில் அந்த முகமும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இருபத்துநாலு வயசு. ஞாயிற்றுக்கிழமைப் பந்தய ஓட்டத்தில் இந்த வண்டியை ஓட்டப்போகிறவள் அவள்தான். நாளை விடியும்போது லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடும், அதற்குமேல் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கிற இந்த நட்டைத் தொட அவருக்கு வாய்ப்பில்லை. வண்டியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி ஜப்பானிலிருந்து கப்பலில் வரவழைத்து, ஆசை தீர ஓட்டி, சாமான் கிடைக்காமல் போனதும் பஞ்சு குடோனில் போட்டு வைத்திருந்த இரண்டு சீட்டு வண்டி. பிஸ்டன் இல்லாத என்ஜின். பெட்டிக்குள் முக்கோணமாக ஓர் இரும்பு, அதுதான் ரோட்டார், கிரைண்டரில் குழவி சுற்றுவதுபோலச் சுவரை ஒட்டி ஒட்டிச் சுற்றும். மூன்று முனையிலும் சீல் என்று ஒவ்வொரு பட்டை, பென்சில் கனம்கூட இல்லை, அந்தப் பட்டைதான் உயிர். பிஸ்டன் வண்டியில் டைமிங் ஒரு நூல் முன்னால் போனால் பட்டாணி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், என்ஜின் முறையிடும், காலை எடுத்துவிட்டால் போதும், மன்னித்துவிடும். இது முறையிடாது. நேரம் கெட்டு ஒரு தடவை வெடித்தால் அந்தப் பட்டை உடையும், உடைந்த துண்டு இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கினால் என்ஜின் அப்படியே இறுகும், பின்சக்கரம் இறுகும், நேர்க்கோட்டுப் பாதையின் முடிவில், அவள் எந்த வேகத்தில் வருவாளோ அந்த வேகத்தில். இதைப் பத்ரசாமி முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. சக்கரம் இறுகுகிற இடம் வரைக்கும் நினைப்பார், அங்கே நிறுத்திக்கொள்வார், பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கோடு நெருங்கியது. லைட் படபடவென்று அடித்தது. இந்தப் படபடப்பைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. மற்ற வண்டிகளில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பற்றும், லைட் நிதானமாகச் சிமிட்டும். இத்தனை வருஷமும் அந்தச் சிமிட்டலைப் பார்த்தே பிழைத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. இந்த ஜப்பான்காரி சுற்றுக்குச் சுற்று பற்றுகிறாள். அதே வேகத்தில் இரண்டு மடங்கு வெட்டு. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் கண்ணுக்குள் வேறொரு நிறம், ஊதாவும் பச்சையும் கலந்தது, ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து வரும், வாயில் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி தட்டும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் இருக்கமாட்டார். விழமாட்டார், கைகால் வெட்டாது, நின்ற இடத்தில் நின்றபடி கண்ணைத் திறந்துகொண்டே காணாமல் போவார். திரும்பி வரும்போது உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். முதலில் ஆயிலில்தான் தெரிந்தது. ஒரு வண்டிக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார், அடுத்த கணம் செருப்பு வரைக்கும் ஆயில். தூக்கக் கலக்கம் என்று துடைத்துவிட்டார். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் தோப்பு ரோட்டில் வந்துகொண்டிருந்தார், வரிசையாகத் தென்னை, மரத்துக்கு மரம் இடுக்கில் சூரியன். கண்ணை முழித்தபோது யாரோ ஒருவருடைய தோட்டத்து வேலியில் முன்சக்கரத்தை முட்டிக்கொண்டு வண்டி உறுமிக்கொண்டிருந்தது, அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் கோயமுத்தூருக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, இதுவும் வலிப்பில் ஒரு வகைதான், விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம் உங்களுக்கு ஆகாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார் அந்த மனிதர், வெந்நீர் குடியுங்கள் என்பதுபோல. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். பத்ரசாமி அப்பாவை நினைத்தார், சித்தப்பாவை நினைத்தார், எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் எப்போது எங்கே வெறித்துப் பார்த்தார்கள் என்று யார் கண்டது. இல்லைங்க என்றார். வருகிற மாதிரித் தோன்றினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொள்ளுங்கள், இமையை மூடினால் மட்டும் போதாது, வெளிச்சம் இமைக்குள்ளும் வரும், கையால் பொத்தினால் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். மாத்திரையும் கொடுத்தார். அது தூக்கம் தூக்கமாகக் கொண்டுவந்தது, பழைய பிளக் அட்டைப்பெட்டிக்குள் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டார். மனைவி ருக்குமணியிடம் மூச்சு விடவில்லை. மகளிடம் எப்படி விடுவது. டைமிங் வைக்கிறவனுக்கே நடுவில் நேரம் காணாமல் போகிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை அவன் கட்டிய வண்டியில் உட்காரும். ஒரு கண்ணைப் பொத்துவதற்கு இப்போது மூன்றாவது கை வேண்டும், அது அவருக்கு இல்லை. கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளலாம், அவள் ஏன் என்று கேட்பாள். கோடு ஆணிக்கு வந்தது, ஏறக்குறைய வந்தது, இதோ.

ஸ்பேனர் கையில் இருந்தது.

எப்போது எடுத்தார்? லைட்டைக் கீழே வைத்திருக்கிறார், அல்லது வைத்திருக்க வேண்டும், அது ரேடியேட்டரின் மேல் படுத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. ஸ்பேனர் நட்டில் மாட்டியிருந்தது. வாயில் அந்தச் செம்பு. போய்விட்டு வந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று கேட்க ஆள் இல்லை, கேட்டால் அவளிடம்தான் கேட்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து பார்த்தார். தாரணி கண்ணாடிக்குப் பின்னால் முன்பு இருந்தபடியே இருந்தாள், ஸ்டீயரிங்கில் இரண்டு கையும், முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. கவனிக்கவில்லை. நல்லவேளை, கவனிக்கவில்லை. என்ஜின் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வந்தது. அடுத்த கணமே நட்டுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டது மனசு: இறுக்கினாரா, இறுக்கப் போகிறாரா? கோட்டைப் பார்த்த பிறகு ஸ்பேனரை எடுத்தாரா, பார்ப்பதற்கு முன்பா? ஸ்பேனரை லேசாக அழுத்திப் பார்த்தார், அசையவில்லை, இறுகித்தான் இருக்கிறது. இறுக்கியது யார்? தானேதான், தன்னுடைய கையேதான், ஆனால் அந்தக் கை அப்போது யாருக்காக வேலை செய்தது? இறுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு நூல் கூடவே திரும்பும், எல்லா என்ஜினிலும் திரும்பும், அதற்காக ஒரு நூல் தள்ளிவைத்து இறுக்குவது அவருடைய பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு. இந்த என்ஜினில் அந்தக் கைப்பழக்கத்தை நம்பி ஒரு நூல் பிசகினாலும் சீல் போய்விடும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கை கேட்டிருக்குமா?

சரிபார்க்க ஒரே வழி மறுபடி லைட்டைப் பிடித்துக் கோட்டைப் பார்ப்பது. கோட்டைப் பார்த்தால் மறுபடி போய்விடுவார். போய்விட்டால் பார்த்ததை நம்ப முடியாது, நம்ப முடியாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும். நல்ல மாட்டாக மாட்டிக்கொண்டாயடா பத்ரசாமி என்று சிரிக்கக்கூடத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை, போன ஓட்டம்தான் ஞாபகம் வந்தது. போன ஓட்டத்தில் வேறு வண்டி, சின்ன வண்டி, அவர் கட்டியதுதான். சாயங்கால ஓட்டம். தாரணி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள், கம்பி வேலியை ஒட்டிய நீளப் பாதை, வேலிக்கு அந்தப் பக்கம் சூரியன், அவர் பந்தயப் பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தது. மற்றவர்களுடைய வண்டிகளின் பின்னால் சிவப்பாகப் பிரேக் விளக்கு எரிந்தது, அவளுடையதில் எரியவில்லை. நேராகப் போனாள், வளைவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல நேராக, ஜல்லிப் படுகைக்குள், டயர்ச் சுவருக்குள். பாலத்திலிருந்து எப்படி இறங்கினார் என்று தெரியாது, அது அந்த மாதிரித் தெரியாமல் போனதில்லை, ஓடிய ஓட்டம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரேக் புடிக்கலையா அம்மிணி என்றார். தெரியலீங்கப்பா, வளைவு வந்ததே தெரியல என்றாள், சின்னப் பிள்ளை குரலில். பிரேக்தான். வேறென்ன. ஷெட்டுக்கு வந்ததும் பிரேக்கை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார், ஒரு வாரம் பிரித்தார், ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் பயமாக இருந்தது. கிடைக்காவிட்டால் என்ன அர்த்தம்? தான் காணாமல் போன ஏதோ ஒரு கணத்தில் எதையோ மாட்டாமல் விட்டு, மோதிய மோதலில் அது விழுந்து தொலைந்து, இப்போது தடயம் இல்லை என்று அர்த்தம். ஒரு தடவை பெற்ற பெண்ணைச் சுவரில் மோதவிட்டாயிற்று. டயர்ச் சுவராக இருந்ததால் பிழைத்தாள். எல்லா வளைவிலும் டயர் அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள்.

"அப்பா, சிவப்பு பாக்கலீங்களா?"

சிவப்புக் கோடு. ஆமாம், இன்னொன்று இருக்கிறது. இந்த என்ஜினுக்கு ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பிளக். முன்னால் பற்றுவது ஒன்று, அதற்குப் பிறகு பற்றுவது ஒன்று. மஞ்சள் முதலாவதற்கு, சிவப்பு இரண்டாவதற்கு. பின்னால் வரவேண்டியது முன்னால் வந்துவிட்டால் முடிந்தது கதை. கிளிப்பைக் கழற்றி அடுத்த வயரில் மாட்டினார். முதலில் மஞ்சளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அல்லவா மாட்டியிருக்க வேண்டும் என்று மாட்டிய பிறகு தோன்றியது. திரும்ப மாற்றினார். லைட்டைத் தூக்கினார். ஒரு பார்வை, ஒரே பார்வை, வெட்டு கண்ணில் பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். மஞ்சள் ஆணிக்கு நேரே நின்றது. நேரேயா? நேரேதான். எடுத்துவிட்டார். ஒரு வெட்டில் பார்த்ததை நம்பலாமா என்று மனசு ஆரம்பித்தது, நம்பித்தான் தீரவேண்டும் என்று அதன் வாயை அடைத்தார். கிளிப்பை மறுபடி மாற்றிச் சிவப்புக்கு வந்தார். இதற்கு வேகம் கொஞ்சம் கூட வேண்டும்.

"இன்னுங் கொஞ்சம் ஏத்து," என்றார்.

என்ஜின் ஏறவில்லை. லைட் வெட்டிக்கொண்டே இருந்தது. சொன்னோமா, சொல்ல நினைத்தோமா? வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பார். இப்படித்தான் வீட்டிலும், ருக்குமணியிடம் சோறு போடு என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனசுக்குள் பேசுவதும் வெளியே பேசுவதும் ஒன்றாகக் குழம்ப ஆரம்பித்தால் ஆள் தேறமாட்டான். "ஏத்து அம்மிணி," என்று இந்தத் தடவை தொண்டையைத் திறந்து சொன்னார், சொன்னது தன் காதில் விழுந்ததைக் கவனித்துக்கொண்டார். ஏறவில்லை. அவளுக்கும் அந்தப் பழக்கம் சின்னதிலிருந்தே உண்டு, பராக்கு. சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள், ருக்குமணி முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் உருண்டை வாய்க்குப் போகும். பள்ளிக்கூடத்திலும் அதே புகார். உங்கப்பனாட்டமே இருக்கறயே என்று ருக்குமணி திட்டுவாள். அந்தப் பராக்குப் பிள்ளை இன்றைக்கு இந்த வேகத்தில் வண்டி ஓட்டுகிறாள் என்பதில் அவருக்கு எத்தனையோ நாள் நெஞ்சு நிறைந்திருக்கிறது. லைட்டைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்தார். "அம்மிணி, ஏத்து." என்ஜின் ஏறியது, வழுவழுவென்று. "ஆமாங்கப்பா, ஏத்தியாச்சு," என்றாள். ஆக, முதல் இரண்டு தடவையும் தான் சொல்லவே இல்லை. சொன்னதாக நினைத்து நின்றிருக்கிறோம், அவ்வளவுதான், இது புதுசு, இது டாக்டர் சொல்லாதது. சிவப்புக் கோட்டையும் ஒரே வெட்டில் பார்த்தார். ஆணிக்கு நேரே. சிவப்பைத் திருத்துகிற ஸ்க்ரூவைத் தொட வேண்டியிருக்கவில்லை. எப்படித் தொடாமலே சரியாக இருந்தது, எப்போதாவது தொட்டுவிட்டோமா என்று ஒரு கேள்வி தலையை நீட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டு "அணைச்சிரு" என்றார்.

சத்தம் நின்றதும் ஷெட் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. தூரத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள், தண்ணீர் தொட்டியில் விழுந்தது. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. தாரணி இறங்கி வந்து என்ஜினை எட்டிப் பார்த்தாள், நெற்றியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே. தலைவலியா என்று கேட்க நினைத்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. அவள் போய் ஷட்டரைத் தூக்கினாள். வெயில் அலையாக உள்ளே வந்தது, இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருவருமாகப் பானெட்டைத் தூக்கி மாட்டினார்கள். அடுத்தது என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்த ஷெட்டில் ஒரு வழக்கம், அவர் போட்ட வழக்கம்தான், வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது: டைமிங் வைத்தவன்தான் முதல் ஓட்டம் ஓட்ட வேண்டும், ஓட்டப்போகிறவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வைத்தது தப்பென்றால் முதல் அடி வைத்தவனுக்கு விழட்டும் என்று இளவயதுத் திமிரில் ஏற்படுத்தியது. யாருக்காகவும் அதை மாற்றியதில்லை. சோதனை ஓட்டம் என்றால் தோப்பு ரோடு, வேறு நேர்ரோடு பக்கத்தில் இல்லை. சூரியன் இப்போது மரத்தின் பாதி உயரத்தில் இருக்கும். மரம், வெயில், மரம், வெயில். பக்கத்து சீட்டில் அவள்.

"ஏறுங்கப்பா," என்று சாவியை நீட்டினாள்.

சாவியை வாங்கவில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதற்குள் மனசு எங்கெல்லாமோ ஓடிவந்தது. நாளைக்குக் காலையில் பார்க்கலாம் என்று சொல்லலாம், லாரி வந்து நிற்கும். பெட்ரோல் இல்லை என்று சொல்லலாம், முள் காட்டிக் கொடுத்துவிடும். உண்மையைச் சொல்லலாம். உண்மை என்ன, ஒரு வரிதான். அம்மிணி, எனக்கு நடுவுல நடுவுல நெனவு தப்புது. சொல்லிவிட்டால் அவள் அழமாட்டாள், கோபப்படமாட்டாள், ஒரு தடவை என்ஜினைப் பார்ப்பாள், அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியாது. சொல்லாவிட்டால் ரோட்டில் சாகடிப்பார். கையைச் சாவிக்கு நீட்டாமல் முழங்காலில் ஊன்றினார், ஊன்றிய கையே வழி காட்டியது.

"முட்டி புடிச்சுகிட்டிருக்குது சாமி. குனிஞ்சு குனிஞ்சு நின்னது. நீயே ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து சத்தம் கேட்டுக்கறேன்."

தாரணி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "டைமிங் வெச்சவங்கதான ஓட்டோணும்?"

"இன்னிக்கு ஒரு நாளு."

"சரிங்கப்பா," என்று சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறினாள். அவர் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். உடம்பு முழுக்க ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி லேசானது. தப்பித்துவிட்டார். அவள் தப்பித்துவிட்டாள், அதுதான் முக்கியம், அவரிடமிருந்து அவள் தப்பித்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று வலது முழங்கையைத் தொடையில் ஊன்றி, தலைவலிக்காரன் மாதிரி உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணைத் தன் பக்கத்து ஜன்னலோடு நிறுத்திக்கொண்டார். வண்டி சந்தை முக்கைத் தாண்டியது, தோப்பு ரோட்டில் திரும்பியது. தெற்கே பார்த்த ரோடு. வலது பக்கம் மேற்கு, வலது பக்கம் தென்னை. அவள் கியரை மாற்ற மாற்ற என்ஜின் ஒரு பிசிறில்லாமல் மேலே மேலே ஏறியது, பிஸ்டன் வண்டியின் தடதடப்பு எதுவுமில்லாமல், தையல் மிஷின் ஒன்று கோபப்பட்டதுபோல ஒரே இழையாக. சரியாக இருக்கிறது. மஞ்சளும் சரி, சிவப்பும் சரி, நட்டும் சரி. ஆளே இல்லாதபோதும் கை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது. இனிமேல் என்ன பயம், சொல்லிவிடலாம். வண்டி நன்றாக ஓடுகிறது, இந்த வேளையில் சொன்னால் அவள் என்ஜினைச் சந்தேகப்படமாட்டாள். தன் பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். அம்மிணி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு ஒடம்புக்கு ஒண்ணு இருக்குது. ஆயிலைச் சொன்னார், வேலியைச் சொன்னார், டாக்டரை, மாத்திரையை, பிளக் பெட்டியை. வெளிச்சம் விட்டு விட்டு அடிச்சா ஆளு போயிடறேன், நின்னபடியே போயிடறேன், யாருக்கும் தெரியாது. போன ஓட்டத்துல நீ மோதுனது என்னாலதான், நான் எதையோ மாட்டாம உட்டிருக்கேன், அன்னியிலிருந்து எனக்குத் தூக்கமில்ல. இந்த வண்டிய இனி நீ வேற யாருகிட்டயாவது காட்டிக்கோ. இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார், வெளியே சொன்னார், தன் குரல் தன் காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டே சொன்னார், இந்தத் தடவை அதில் சந்தேகமில்லை. சொல்லி முடித்ததும் நெஞ்சு காலியாக இருந்தது. அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கோபம்தான். இருக்காதா. இத்தனை நாள் மறைத்ததற்குக் கோபப்படாமல் என்ன செய்வாள். என்ஜின் அதே இழையில் போய்க்கொண்டிருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ரோடு முன்னால் வாய்க்கால் பாலத்தில் இடது பக்கம் திரும்பும், அங்கே யாராக இருந்தாலும் காலை எடுப்பார்கள். "அம்மிணி," என்றார். "தாரணி." கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே தலையை மட்டும் திருப்பினார். மரம், வெயில், மரம், வெயில் என்று அவள் முகம் வெட்டி வெட்டி வந்தது. கண் திறந்திருந்தது. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் ஒழுங்காக இருந்தன. வாய் லேசாக எதையோ மென்றது. அந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை, பார்த்திருக்க முடியாது, இந்த நாள் வரைக்கும் அது காணாமல் போகிற நேரத்து அவருடைய முகமாகத்தான் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டபோது அப்பனை நினைத்தார், சித்தப்பனை நினைத்தார், மேலேயே பார்த்தார். ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. சோற்று உருண்டை. வளைவு வந்ததே தெரியல. பிரேக்கில் ஒன்றுமே இல்லை. ஏத்து என்று அவர் சொல்லித்தான் இருந்தார், இரண்டு தடவையும் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவர் போனபோது அவள் கவனிக்கவில்லை என்றால், ஒரே வெளிச்சத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருக்கிறார்கள், அந்த ஷெட்டில் என்ஜின் மட்டும் இருந்திருக்கிறது.

பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெள்ளையாக, நேராக வந்துகொண்டிருந்தது. வலது கையைத் தன் கண்ணிலிருந்து பிய்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். உடம்பை முழுக்கத் திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டி, அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார். இமைக்கும் வெயிலுக்கும் நடுவில் சந்து விடாமல். அவள் இமைமயிர் உள்ளங்கையில் குத்தியது. இப்போது அவருடைய கண்ணுக்கு மறைப்பு இல்லை. மரம், வெயில், மரம். ஸ்டீயரிங்கை இடது பக்கம் இழுத்தார், சுவர் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் விலகிப் போனது, வாய்க்கால் தண்ணீர் ஒரு தடவை பளீரென்றது. அப்புறம் அந்தப் பக்கத்து ரோடு, அந்தப் பக்கத்துத் தென்னை. அவள் கால் அசைந்தது, என்ஜின் இறங்கியது.

"ஏனுங்கப்பா கண்ண மறைக்கிறீங்க? கைய எடுங்க, ரோடு தெரியல," என்றாள் தாரணி, நடுவில் ஒன்றுமே நடக்காத குரலில். "ஆமா, ஒண்ணு சொல்லோணும்னீங்களே, என்ன?"

ஓரத்திலிருந்து ஊதாவும் பச்சையும் ஊர ஆரம்பித்திருந்தது. வாயில் செம்பு தட்டியது. "வண்டிய நிறுத்து சாமி," என்றார், வெளியே சொன்னோமா என்று தெரியாமல் இன்னொரு தடவையும் சொன்னார். கையை எடுக்கவில்லை.